பழைய வீட்டின் சன்னலை மாற்ற அனுமதி வேண்டுமா?

ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒருவர், தமது ஊழியர் சேமநிதித் தொகையைக் கொண்டு பட்டர்வொர்த்தில் ஒரு பழைய வீட்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூரை நன்றாக இருக்கிறது. சுவர்களும் உறுதியாக உள்ளன. ஆனால், மரச் சன்னல்களைக் கறையான் அரித்துவிட்டது. மழை பெய்தால் சாரல் உள்ளே அடிக்கிறது. அவற்றை அகற்றி, அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட புதிய சன்னல்களைப் பொருத்த அவர் விரும்புகிறார். “இதற்கெல்லாம் அனுமதி எதற்கு? இரண்டே நாளில் முடித்துவிடலாம்” என்கிறார் குத்தகைக்காரர். “மாநகர் மன்றத்தார் வந்து இடித்துவிடுவார்கள்” என்று அச்சுறுத்துகிறார் அண்டை வீட்டார். இவ்விருவருள் யார் சொல்வது சரி?

இருவர் கூற்றும் முழு உண்மையன்று. வீட்டின் வயதை மட்டும் கொண்டு இக்கேள்விக்கு விடை காண இயலாது. சன்னலுடன் சுவரும், வெளித்தோற்றமும், அங்கீகரிக்கப்பட்ட பிளானும் மாறுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். வீடு எவ்விடத்தில் உள்ளது, யாருடைய உடைமை என்பவற்றையும் கவனித்தல் வேண்டும்.

இரண்டு சட்டங்கள்

இவ்விஷயத்தில் நாம் அறிந்திருக்க வேண்டிய சட்டங்கள் இரண்டு. முதலாவது, 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172). இரண்டாவது, 1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133). முன்னது திட்டமிடல் அனுமதியைப் பற்றியது. பின்னது கட்டட வேலைக்குரிய அனுமதியைப் பற்றியது. ஒன்று தேவையில்லை என்பதனால் மற்றொன்றும் தேவையில்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

வீட்டின் உட்புறத்தை மட்டுமே பாதிக்கின்ற, வெளித்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாத பராமரிப்பு வேலைகளுக்குத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை என்று முதற்சட்டம் கூறுகிறது. ஆனால், அங்கீகரிக்கப்பட்ட பிளானிலிருந்து மாறுபடும் மாற்றங்களையும், கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கக்கூடிய மாற்றங்களையும் அச்சட்டம் கட்டட வேலையாகவே கருதுகிறது. அனுமதியின்றி மேம்பாட்டு வேலை செய்வோருக்கு 500,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. இரண்டாவது சட்டத்தின்படி, வெளிச்சுவரின் ஒரு பகுதியை ஒரு மாடி உயரத்திற்குப் புதுப்பித்துக் கட்டுவதும் புதிய கட்டடம் எழுப்புவதற்கு ஒப்பாகும்.

இவற்றை நம் நண்பரின் வீட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். இருக்கும் திறப்பின் அகலமும் உயரமும் மாறாமல், அரித்துப்போன சன்னலை எடுத்துவிட்டு அதே அமைப்பில் வேறொன்றைப் பொருத்துவது பொதுவாகப் பழுதுபார்ப்பே ஆகும். ஆனால், திறப்பை அகலப்படுத்தினாலும், சுவரை உடைத்துப் புதிய சன்னல் வைத்தாலும், அண்டை வீட்டு எல்லையை நோக்கித் திறப்பு ஏற்படுத்தினாலும் அது பழுதுபார்ப்பு ஆகாது; முன் அனுமதி பெற வேண்டும். சன்னலின் மேல் விட்டம் சுவரின் பாரத்தைத் தாங்கி நிற்கிறது. பழைய செங்கல் சுவரில் அதனைக் கணக்கின்றி அகற்றினால் வீட்டிலுள்ளோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஜலசந்தியைக் கடந்தால்

இதே சன்னல், பெரியில் ஏறி அக்கரை சென்றால் வேறு கேள்வியாகிவிடுகிறது. ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பகுதி, 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் அதனைச் சூழ்ந்த இந்தியர் கடைவீதியும் அப்பகுதியினுள் அடங்கும். அங்குள்ள கடைவீடுகளில் மரப்பட்டிகளைச் சாய்வாக அடுக்கிய சன்னல் கதவுகளைக் காணலாம். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் அமைப்பு அது. தெருவின் தோற்றத்தில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆகவே, அப்பகுதியில் அவற்றை மாற்றுவதற்கு முன் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதியை நாட வேண்டும். இங்கிலாந்திலும் இத்தகைய வேறுபாடு உண்டு. சாதாரண வீட்டின் சன்னலை மாற்றப் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி வேண்டியதில்லை. பாதுகாக்கப்பட்ட கட்டடமாயின் தனி இசைவு பெற வேண்டும்.

தோட்ட வீடும் அடுக்குமாடி வீடும்

தோட்ட வீட்டில் குடியிருப்போர் நிலை வேறு. அவ்வீடு முதலாளியின் உடைமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, தங்குமிடம், வசதிகள் ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446), கட்டடங்களை நல்ல நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளியின் மீது சுமத்துகிறது. அனுமதியற்ற மாற்றங்கள் நேராமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே. ஆகவே, சன்னல் உடைந்திருந்தால் தொழிலாளி தம் கைப்பணத்தைச் செலவிட்டுச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளலாம். பயன் இல்லையாயின் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர் முதலில் அதன் நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெறல் வேண்டும்.

காற்றும் தீயும்

அனுமதியோடு ஆரோக்கியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் ஒரேசீர்க் கட்டட உபசட்டங்களின்படி, வசிக்கும் அறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. தடையின்றிக் காற்று நுழையும் திறப்பு 5 விழுக்காடேனும் இருத்தல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் பரப்பு 120 சதுர அடி. அதற்கு 12 சதுர அடிச் சன்னலும், 6 சதுர அடித் திறப்பும் தேவை. பழைய சன்னல் முழுவதும் திறக்கும். இரு கண்ணாடிகள் கொண்ட தள்ளு சன்னலோ பாதியளவே திறக்கும். ஆகவே, புதிய சன்னல் எவ்வளவு திறக்கும் என்று முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

திருடருக்கு அஞ்சி இரும்புக் கிரில் பொருத்துவோர், ஒரு சன்னலின் கிரிலையாவது உள்ளிருந்து திறக்கும்படி அமைத்தல் அவசியம். அதன் சாவி இருக்குமிடம் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதனை உலர்ந்தபடி சுரண்டி எழும் தூசு, சிறு குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்.

செய்ய வேண்டியவை

பட்டர்வொர்த் வட்டாரம் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் ஆட்சிக்குட்பட்டது. அதன் தலைமையகம் புக்கிட் மெர்தாஜம், பண்டார் பெர்டாவில் உள்ளது. வேலையைத் தொடங்குமுன் சன்னலை உள்ளும் புறமும் புகைப்படம் எடுத்து, அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டு வரி ரசீதையும், கைவசமிருந்தால் வீட்டுப் பிளானையும் உடன் எடுத்துச் சென்று, அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். கேள்வியைத் தேசிய மொழியில் எழுதித் தருவது நலம். பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இதற்கு உதவலாம். பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். சுவரை மாற்றும் வேலையாயின், பிளான் வரைந்து சமர்ப்பிக்கத் தகுதி பெற்றவரை நாட வேண்டும்.

குத்தகைக்காரர் வேலை முடிந்ததும் கூலியைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார். பிற்பாடு கடிதம் வருமாயின், அது வீட்டுக்காரர் பெயருக்கே வரும். ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த வீடு அது. சுத்தியலை எடுக்குமுன் ஒருநாள் அலுவலகம் சென்று கேட்டு வருவது வீண் அலைச்சலன்று.