ஓர் ஏக்கர் களியில் எத்தனை கிலோ துரு?

திருவையாற்றுப் பக்கம் சம்பா அறுத்த வயலில் ஒரு தாளைப் பிடுங்கி வேரைக் கழுவினால், வேரைச் சுற்றிக் காவி நிறப் பூச்சு தெரியும். களிக்கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். பழைய வேர் ஓடிய துளைகளில் மட்டும் காவிக் கோடுகள். இது இரும்புத் துரு. ஏக்கருக்கு எத்தனை கிலோ துரு உருவாகிறது, உரச் செலவில் அதன் பங்கு என்ன என்று கணக்குப் போட முடியும்.

மண் இருப்பு

காவிரிக் கரையை ஒட்டிய படுகை நிலம் மணல் கலந்தது, வாழைக்கு ஏற்றது. கரையை விட்டு விலகினால் களி கனக்கிறது. மண் வகைப்பாட்டில் ஆதனூர், களத்தூர் என்று பெயர் பெற்ற டெல்டா மண்கள் இந்த வகை. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். உழவு ஆழம் 15 செ.மீ. என்றால் மேல்மண்ணின் எடை சுமார் 800 டன். அதில் 40 சதவீதம் களி என்று வைத்தால் 320 டன்.

இந்தக் களியில் மேலோங்கியிருப்பது மாண்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரு கிராம் மாண்ட்மோரில்லோனைட்டின் மொத்தப் பரப்பு 700 முதல் 800 சதுர மீட்டர். செம்மண்ணில் மிகுந்த கயோலினைட்டுக்கு அது 10 முதல் 20 தான்.

இரும்பு இருப்பு

மண் எடையில் 1 சதவீதம் ஆக்சைடு வடிவ இரும்பு என்று கணக்குக்கு எடுத்தால், ஏக்கருக்கு 8,000 கிலோ. தண்ணீர் கட்டியதும் மண்ணிலுள்ள ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் துருவை வைத்தே மூச்சு விடுகின்றன. துரு கரைந்து இரும்பு அயனியாகிறது. இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெருமா 1972-ல் எழுதிய கட்டுரையின்படி, நீர் தேங்கிய சில வாரங்களில் இந்த ஆக்சைடுகளில் 5 முதல் 50 சதவீதம் வரை கரையலாம். 10 சதவீதம் என்றே வைப்போம்: 800 கிலோ.

ஆக்சிஜன் செலவு

ஒரு கிலோ ஆக்சிஜன் சுமார் 7 கிலோ கரைந்த இரும்பைத் துருவாக்கும். 800 கிலோவுக்கு 115 கிலோ ஆக்சிஜன் தேவை. வயலில் 5 செ.மீ. நீர் நின்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் அந்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதிகபட்சம் ஒன்றரைக் கிலோ. அதாவது 76 தடவை நீர் மாற்றினால்தான் கணக்கு சரியாகும். நீரை வடித்துக் காயவிட்டால் போதும்: 425 கன மீட்டர் காற்றில் அந்த ஆக்சிஜன் அடங்கிவிடும். களி வெடித்த பிளவுகள் வழியே அது உள்ளே இறங்குகிறது.

களி செய்யும் மூன்று வேலைகள்

வேகம்: கார அமில அளவு ஒரு புள்ளி உயர்ந்தால் இரும்பு துருவாகும் வேகம் 100 மடங்கு கூடும். களித்தகட்டின் விளிம்பில் ஒட்டிய இரும்பு, நீரில் மிதக்கும் இரும்பைவிட எளிதில் துருவாகும்.

அமிலம்: 800 கிலோ இரும்பு துருவாகும்போது வெளிவரும் அமிலத்தைச் சமன் செய்ய 1,430 கிலோ சுண்ணாம்புக் கல் வேண்டும். மாண்ட்மோரில்லோனைட்டின் அயனி மாற்றுத் திறன் கிலோவுக்கு 80 முதல் 120 சென்டிமோல். 100 என்று வைத்தால், இந்த அமிலம் பிடிக்கும் இடம் 9 சதவீதம்தான். கயோலினைட்டுக்கு 3 முதல் 15. அதை 10 என்று வைத்தால் 90 சதவீத இடம் போய்விடும். நீர் கட்டும்போது செலவான அமிலமே இப்படித் திரும்பி வருகிறது. இடையில் கால்சியமும் மக்னீசியமும் வடிகாலில் போய்விட்டால், திரும்பிய அமிலம் களியையே அரிக்கும். இதை 1970-ல் விளக்கியவர் நெதர்லாந்தின் பிரிங்க்மன்.

துகள் அளவு: களியிலிருந்து கரையும் சிலிக்கா துருவைப் படிகமாக வளரவிடாது. அதனால் பொடித் துருவான ஃபெரிஹைட்ரைட் மிஞ்சுகிறது. 800 கிலோ இரும்பிலிருந்து கிடைக்கும் துரு ஏறத்தாழ 1,270 கிலோ. பொடித் துருவின் பரப்பு கிராமுக்கு 200 சதுர மீட்டர், நன்கு படிகமான துருவுக்கு 30 என்று கொள்வோம்.

உர பில்

மணிச்சத்து துருவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு சுமார் 2.5 மைக்ரோமோல். அந்தக் கணக்கில்:

படிகத் துரு பிடிக்கக்கூடிய மணிச்சத்து: ஏக்கருக்கு 7 கிலோ.
பொடித் துரு பிடிக்கக்கூடியது: 45 கிலோ.
45 கிலோவுக்கு ஈடான டி.ஏ.பி.: 98 கிலோ.
மூட்டை 1,350 ரூபாய் வீதம் அதன் விலை: சுமார் 2,650 ரூபாய்.

இது உச்சக் கொள்ளளவு. சிலிக்காவும் மக்கும் பொருளும் ஏற்கெனவே பிடித்த இடம் போக மீதிதான் உரத்துக்கு. ஆனாலும் நெல்லுக்கு ஏக்கருக்கு இடும் மணிச்சத்து 20 கிலோதான் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நீர் நிற்கும் வரை துரு கரைந்து மணிச்சத்தை நெல்லுக்கு விடுகிறது. சிக்கல் தையில் தொடங்குகிறது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள். வயல் காயக் காயப் புதுத் துரு உருவாகி, மணிச்சத்தைப் பூட்டுகிறது. உழவு இல்லாததால் அடியுரம் இடவும் வழியில்லை.

நெல் தரிசு உளுந்துக்கு 2 சதவீத டி.ஏ.பி. தெளிப்புப் பரிந்துரை இந்த இடத்தில்தான் கணக்குக்குப் பொருந்துகிறது. ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் மாலை ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும். இரண்டு தடவைக்கும் டி.ஏ.பி. செலவு 216 ரூபாய்; தெளிப்புக் கூலி தனி. இதில் கிடைக்கும் மணிச்சத்து 3.7 கிலோதான். ஆனால் அது இலையில் விழுகிறது, துருவில் விழுவதில்லை.

மண் பரிசோதனைக்குப் போகும்போது மணிச்சத்து அளவோடு களியின் சதவீதத்தையும் கேட்டு வாங்குங்கள். கனத்த களி என்றால் நெல்லுக்கு மூட்டையைக் கூட்டாதீர்கள். உளுந்துக்கு இரண்டு தெளிப்புக்குமான இந்த 8 கிலோ டி.ஏ.பி.யை விட்டுவிடாதீர்கள்.