கன்னக்கோல் இல்லாக் களவு

முற்காலத்துக் கள்வர் நள்ளிரவில் சுவரிற் கன்னமிட்டுப் பொருளைக் கவர்ந்தனர். இக்காலத்துக் கள்வருக்குச் சுவரும் தடையன்று, கடலும் தடையன்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வங்காள தேசத்தின் மைய வங்கியில் நிகழ்ந்த களவு இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வங்கி தன் அயல்நாட்டுச் செலாவணியில் ஒரு பகுதியை அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துப் பெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்தது. நாடுவிட்டு நாடு பணம் செலுத்துமாறு வங்கிகள் ஒன்றற்கொன்று ஆணை விடுப்பதற்கு ‘சுவிப்ட்’ என்னும் செய்தி அமைப்பு உண்டு. கள்வர் டாக்காவிலிருந்த வங்கியின் கணினிகளுள் மறைவாக நுழைந்து, அலுவலர் பணி செய்யும் முறையைக் கற்றுக்கொண்டனர். பின்னர், பிப்ரவரி 4ஆம் நாள் இரவு, அவ்வங்கியே அனுப்புவதுபோல 35 பொய்யாணைகளை நியூயார்க்கிற்கு விடுத்தனர். அவற்றிற் கேட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர்.

அவர்கள் நாள் குறித்த சூழ்ச்சி வியப்பைத் தருவது. அன்று வியாழக்கிழமை. வெள்ளியும் சனியும் வங்காள தேசத்தில் விடுமுறை. சனியும் ஞாயிறும் அமெரிக்காவில் விடுமுறை. திங்களன்று பிலிப்பைன்சில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஆணைகளைத் தாளில் பதிக்கும் அச்சுப்பொறியையும் கள்வர் முடக்கியிருந்தனர். கண்டவர்களோ அதனை வழக்கமான பழுது என்றே கருதினர்.

பொய்யாணைகளுள் 30 நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டன, ஐந்து நிறைவேறின. அவ்வைந்தனுள் ஒன்று இலங்கைக்கு 2 கோடி டாலர் அனுப்புமாறு பணித்தது. அதில் பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. இடையிலிருந்த வங்கியினர் அதனைக் கண்டு ஐயுற்று விளக்கம் கேட்டனர். களவு வெளிப்பட்டது, அத்தொகையும் மீண்டது.

எஞ்சிய நான்கு ஆணைகளின்படி 8 கோடியே 10 இலட்சம் டாலர் மணிலாவை அடைந்தது. அங்கே ஒரு வங்கிக் கிளையில், பல திங்களுக்கு முன்பே பொய்ப் பெயர்களில் கணக்குகள் தொடங்கப்பட்டிருந்தன. நிறுத்துமாறு டாக்காவிலிருந்து வேண்டுகோள் வந்த பின்னரும் பணம் எடுக்கப்பட்டுச் சூதாட்ட விடுதிகளுட் புகுந்தது. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டம் அந்நாளில் அவ்விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. 2017இல்தான் அக்குறை நீக்கப்பட்டது. சூதாட்டத்திற் கலந்த பணத்தின் தடம் மறைந்தது. ஒரு சிறு பகுதியே மீண்டது.

வடகொரிய அரசின் ஆதரவு பெற்ற குழுவே இதனைச் செய்தது என அமெரிக்க அரசு 2018இல் குற்றஞ்சாட்டியது. கணினியில் வல்லார், பொய்க் கணக்குத் தொடங்குவோர், பணத்தை மாற்றித் தருவோர் எனப் பலர் பல நாடுகளிலிருந்து கூடிச் செய்யும் தொழிலாகக் களவு இன்று வளர்ந்துள்ளது.

பழுதென எண்ணி வாளாவிருந்த இடத்திற் கள்வர் வென்றனர். பிழை கண்டு நின்று வினவிய இடத்தில் தோற்றனர். பிறர் பொருளைக் காக்கும் கடமை பூண்டார் ஒவ்வொருவரும் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.