பழைய தொலைபேசியின் மேற்பூச்சை அகற்றுவது எப்படி?

ஐ.என்.ஏ. மார்க்கெட் என்றதும் தில்லித் தமிழர்களுக்கு முருங்கைக்காய், வாழைக்காய், கறிவேப்பிலை, மீன் ஆகியவை நினைவுக்கு வரும். அச்சந்தைக்கு அருகிலுள்ள சரோஜினி நகர், கித்வாய் நகர், லோதி காலனி போன்றவை மத்திய அரசு ஊழியர்கள் நெடுங்காலமாக வசித்துவரும் பகுதிகள். பணி ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்யும் குடும்பங்களின் பெட்டிகளிலிருந்து, எண்வட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசி ஒன்று வெளிவருவதுண்டு. இணைப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த காலத்தின் நினைவுப்பொருள் அது. கீறலை மறைக்கவோ, சுவரின் நிறத்தோடு பொருந்தவோ அதன்மீது எவரேனும் வண்ணம் பூசியிருக்கக்கூடும். அப்பூச்சை அகற்ற விரும்பும் நாம், அவசரத்தில் கருவியையே பாழாக்கிவிடாதிருக்க முதலில் ஒன்றை அறிய வேண்டும். அது எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதே அது.

இருவகைப் பிளாஸ்டிக்

பெங்களூரில் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தொலைபேசிகளே நம் வீடுகளில் பெரும்பாலும் இருந்தன. கனமான பழைய கறுப்புக் கருவிகள் பொதுவாகப் பேக்கலைட்டால் ஆனவை. 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ பேக்லாண்ட் உருவாக்கிய இப்பொருள், ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாது. ஈரத்துணியால் வெந்நீரில் தேய்த்தால் கார்பாலிக் நெடி லேசாக எழும். பின்னர் வந்த தந்த நிறம், சிவப்பு, பச்சை போன்ற எடை குறைந்த கருவிகளில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மிகுதியாகப் பயன்பட்டது. அசிட்டோன், தின்னர் ஆகியவை பட்டால் இது இளகிப் பிசுபிசுத்துவிடும். நகப்பூச்சு நீக்கும் திரவங்கள் பலவற்றில் அசிட்டோன் உண்டு என்பதால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

மேலே தெரியும் நிறம் பூச்சுதானா என்பதை அறிய, மேலோட்டைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தால் போதும். இவ்வகைக் கருவிகளில் நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும். உள்ளும் புறமும் நிறம் வேறுபட்டால், வெளியே இருப்பது பெரும்பாலும் பூச்சாகும். தந்த நிறக் கருவி மஞ்சளாகியிருந்தால் அது ஒளியால் நேர்ந்த மாற்றமாக இருக்கலாம். தேய்ப்பதால் அது போகாது.

தொடங்குமுன்

தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். மணி ஒலிக்கும்போது அது மேலும் உயரும். எனவே இணைப்பை முதலில் துண்டிக்க வேண்டும். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றி, உட்கம்பிகள் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, மேலோட்டைத் தனியே எடுக்கலாம். எண்வட்டுக்குள் எத்திரவமும் புகக் கூடாது.

பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்னும் வரம்புக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் இந்தியாவில் 2016இல்தான் வெளியிடப்பட்டன. ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி எழுப்பலாகாது. குழந்தைகளை அருகில் அனுமதிக்காமல், கையுறை அணிந்து, உதிரும் துகள்களை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உறையிலிட்டுக் கட்ட வேண்டும்.

செய்முறை

பாத்திரம் துலக்கும் திரவம், பருத்தித் துணி, மூங்கில் குச்சி, ரப்பர் கையுறை ஆகியவற்றைச் சந்தைக்குச் செல்லும்போதே வாங்கிவிடலாம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் மருந்துக்கடையில் கிடைக்கும்.

முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் மேலோட்டைத் துடைக்க வேண்டும். பேக்கலைட்டை நீரில் ஊறவிடுதல் நன்றன்று. வெடித்து நிற்கும் பூச்சை மூங்கில் குச்சியால் மெல்ல நெம்பி எடுக்கலாம். காலாவதியான பற்று அட்டையின் விளிம்பும் இதற்கு ஏற்றது. சில்லையும் காந்தப் பட்டையையும் வெட்டிச் சிதைத்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும். கத்தியும் எஃகு நாரும் ஆறாத கீறலை உண்டாக்கும்.

எஞ்சிய பூச்சுக்கு ஆல்கஹால் உதவும். முதலில் மேலோட்டின் உட்புறத்தில் ஒரு துளி இட்டுச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பிசுபிசுக்காமலும் மங்காமலும் இருந்தால் தொடரலாம். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை உள்ளங்கையளவு இடத்தில் வைத்துச் சில நிமிடம் மூடி, பூச்சு இளகியதும் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்வது நலம்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். தில்லிக் குளிர்காலத்தில் சன்னல்களை அடைத்து, ஹீட்டர் எரியும் அறையில் இவ்வேலையைச் செய்வது ஆபத்தானது. நண்பகல் வெயிலில், காற்றோட்டமுள்ள பால்கனியே தகுந்த இடம்.

கெட்டியான எனாமல் பூச்சு இதற்கும் அசையாவிட்டால், பேக்கலைட் கருவியில் மட்டும், உட்புறத்தில் சோதித்த பின், அசிட்டோன் தோய்த்த பஞ்சைச் சில விநாடிகள் பயன்படுத்திப் பார்க்கலாம். அசிட்டோனும் எளிதில் தீப்பற்றுவது என்பதால் அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். காஸ்டிக் சோடா கலந்த நீக்கிகள் பேக்கலைட்டை அரித்துவிடும் என்பதால் அவை வேண்டா. ஏ.பி.எஸ். கருவியில் எனாமல் அசைய மறுத்தால், அப்படியே விட்டுவிடுவதே சிறந்தது.

பளபளப்பின் மதிப்பு

பேக்கலைட்டின் மேற்பரப்பில் பிசின் செறிந்த மெல்லிய படலம் உண்டு. அதன் கருமை மின்னுவதும் ஈரம் உள்ளே புகாமல் காப்பதும் அப்படலமே. உப்புத்தாளால் அது தேய்ந்துபோனால், உள்ளிருக்கும் மரத்தூள் போன்ற நிரப்பிகள் வெளிப்பட்டு மேற்பரப்பு மங்கிவிடும். மெருகேற்றினாலும் பழைய படலம் மீளாது. கருவியைப் பின்னாளில் விற்க எண்ணுவோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். பழம்பொருள் சேகரிப்போர் முதலில் பார்ப்பது தொடக்க கால மேற்பரப்பையே. எழுத்துகளின் பள்ளங்களில் சிறிது பூச்சு எஞ்சினாலும் குறையில்லை. சுத்தமான மேலோட்டை நன்கு உலரவிட்டு, மென்மையான துணியால் மிகச் சிறிதளவு மெழுகு தடவித் துடைத்து, முன்பு எடுத்த படத்தைப் பார்த்துக் கருவியை மீண்டும் பொருத்திவிடலாம்.