பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தலாமா?

ஒரு மேஸ்திரி வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டார். அஸ்திவாரம் முடிந்ததும் வீட்டுக்காரர் முதல் தவணை தர வேண்டும். அதன் பிறகு மேஸ்திரி சுவர் எழுப்ப வேண்டும். இதுதான் பேச்சு.

அஸ்திவாரம் முடிந்தது. பணம் வரவில்லை. மேஸ்திரி வேலையை நிறுத்தினார்.

"என்ன மேஸ்திரி, பாதியில் விட்டுவிட்டீர்களே! கோர்ட்டுக்குப் போவேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே, ஐயா. தவணையைக் கொடுங்கள். நாளைக்கே சுவர் வேலை தொடங்கும்" என்றார் மேஸ்திரி.

யார் பக்கம் நியாயம்?

இதற்கு ஒரு சட்டம் உண்டு. அது இந்திய ஒப்பந்தச் சட்டம். 1872-ஆம் ஆண்டு வந்தது. இன்றும் நடப்பில் உள்ளது. ஒருவர் முதலில் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் மற்றவரிடம், "உன் பங்கைச் செய்" என்று கேட்க முடியாது. மற்றவருக்கு நஷ்டம் வந்தால் அதையும் கொடுக்க வேண்டும். சட்டத்தின் 54-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. ஆகவே மேஸ்திரி செய்தது சரி.

ஆனால் வரிசை முக்கியம். 'வீடு முடிந்த பிறகே பணம்' என்று பேசியிருந்தால்? அப்போது மேஸ்திரி நடுவில் பணம் கேட்டு வேலையை நிறுத்த முடியாது.

தவணையை வாங்கிக்கொண்டு மேஸ்திரி வராவிட்டால்? அடுத்த தவணையை வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதனால் கூரை வந்துவிடுமா? மழைக்காலம் காத்திருக்குமா?

இதற்கு 2018-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. முதலில் மேஸ்திரிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். குறைந்தது 30 நாள் கெடு தர வேண்டும். அதற்குள் அவர் வேலையைச் செய்யாவிட்டால், வேறு ஆளை வைத்து முடிக்கலாம். அதற்கு ஆன செலவை மேஸ்திரியிடம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால், அதன்படிதான் நடக்க வேண்டும்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். ஆனால் தகராறு வந்தால் எப்படி நிரூபிப்பது? சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

வீட்டுக்காரர் யோசித்தார். மறுநாள் தவணையைக் கொடுத்தார். இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்கள். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம்? எந்தத் தேதிக்குள்? எல்லாம் அதில் இருந்தது. மேஸ்திரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.