குக்கி என்னும் ஞாபகச் சீட்டு

இணையத்தளமொன்றைத் திறந்தவுடன் "குக்கிகளுக்குச் சம்மதமா?" என்று ஒரு வினா குறுக்கே வந்து நிற்பதும், நம்மவர் அதனைப் படியாமலே சம்மதித்து அப்பாற் செல்வதும் நாடோறும் நிகழ்வன. அஃது யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இணையப் பரிமாற்ற முறைக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. முன்னொரு பக்கத்தைக் கேட்டவரே மற்றொன்றையும் கேட்கின்றாரென்பதை அளிக்கும் கணினி அறியாது. இக்குறையை நீக்க 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியைச் சார்ந்த லூ மொண்டுலி என்பார் ஓர் உபாயங் கண்டனர். தளமானது ஓர் எண் பொறித்த சிறு சீட்டை வாசகனது உலாவியிடம் கொடுத்துவைக்கும். உலாவி மறுமுறை செல்லுங்கால் அதனைத் திருப்பிக் காட்டும். வாங்குவோனது கூடையைக் கடை நினைவில் வைத்தற்கு இது போதும். இதிற் குற்றமில்லை.

குற்றம் விளைந்தது பின்னரே. பக்கத்தில் விளம்பரமிருப்பின், அதனை அனுப்பும் வேற்றுக் கம்பெனியும் தன் சீட்டைக் கொடுக்கலாம். அதன் விளம்பரம் ஆயிரந் தளங்களில் இருக்குமாயின், காலையில் நோய்க்குறி தேடியவனும் மாலையிற் கடன் விசாரித்தவனும் ஒருவனே என அஃது அறியும், பெயர்கூட வேண்டுவதில்லை. ஆப்பிள் கம்பெனியின் சஃபாரி உலாவி 2020-இல் இவ்வேற்றுச் சீட்டுகளை முற்றிலும் தடுத்தது. கூகிள் கம்பெனியோ அவ்வாண்டே தானும் நீக்குவதாகக் கூறி, 2024-இல் அவ்வெண்ணத்தைக் கைவிட்டது. விளம்பரமே அதன் பெருவருவாயாதலின் இதில் வியப்பில்லை.

"மறைப்பதற்கு என்னிடம் என்ன உளது?" என்பர் நண்பர் பலர். விடுதியில் அறைத்தோழர் தம் கைப்பேசியைத் துழாவினால் சினங்கொள்பவரும் அவர்களே. அதிலும் பெரும்பாலும் வீட்டாரிடம் பணங் கேட்டதன்றி வேறில்லை! உலாவியின் அமைப்புகளில் வேற்றுச் சீட்டுகளைத் தடுக்கும் வழி உளது. அங்ஙனந் தடுப்பினும் நாம் சென்ற தளத்தின் சொந்தச் சீட்டு அழியாது; கூடையிலிட்ட பொருள் கூடையிலேயே இருக்கும்.