சாறுண்ணிப் பூசணங்களின் இனப்பிரிவு

ஈரமான ரொட்டித் துண்டைக் கிண்ணத்தால் மூடி வைத்தால், சில நாட்களில் வெண்பஞ்சு போன்ற இழைகள் அதன்மேற் படர்வதையும், அவற்றின் நுனியில் குண்டூசித் தலையொத்த கரும்புள்ளிகள் தோன்றுவதையும் காணலாம். மழைக்காலத்தில் தோற்செருப்பிற் பச்சையாகப் பூப்பதும், வைக்கோற் போரிற் குடை விரிக்கும் காளானும் இவ்வாறே உயிரற்ற பொருள்களை உண்டு வாழ்வன. இவற்றைச் சாறுண்ணிகள் என்கிறோம். பெயர் ஒன்றாயிருப்பதால் இவை யாவும் ஓரினமே என்று மாணவர் கருதிவிடுகின்றனர். உணவு கொள்ளும் வழி வேறு, குலம் வேறு.

குலத்தை அறிய, வித்துகள் பிறக்கும் முறையையே அறிஞர் நெடுங்காலம் நோக்கினர். ரொட்டியில் வளரும் ரைசோப்பஸின் கரும்புள்ளி ஒவ்வொன்றும் எண்ணற்ற வித்துகள் அடங்கிய உருண்டைப் பையாகும். ஆஸ்கோமைசீட்டுகளில் பால்முறை வித்துகள் சிறு பைகளினுள்ளே, பெரும்பாலும் எட்டெட்டாக உண்டாகும். குடைக்காளான் அடங்கிய பசிடியோமைசீட்டுகளிலோ தடி போன்ற உறுப்பின் வெளிப்புறத்தே, வழக்கமாக நான்கு வித்துகள் அமைந்திருக்கும்.

தொல்லை தந்தவை ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் முதலியவை. இவற்றிற் பாலிலா வித்துகளே பெரிதும் கண்ணிற் பட்டன. எனவே ‘நிறைவுறாப் பூசணங்கள்’ என்றொரு குழு அமைத்து அதில் ஒதுக்கினர். கணக்கெழுதுவோர் ‘இதரச் செலவு’ என்று எழுதுவது போன்றதே இது! பால்முறை நிலை பின்னர்ப் புலப்பட்டபோது, ஒரே பூசணத்துக்கு இரு பெயர்கள் வழங்கலாயின. வித்தின் நிறத்தையும் வடிவத்தையும் விட, அது இழையிலிருந்து தோன்றும் விதமே முதன்மையானது என்று 1953இல் ஹியூஸ் எடுத்துக்காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியனும் 1962இல் இத்தகைய பூசணங்களுக்குப் புதியதொரு வகைப்பாட்டை வெளியிட்டார். மரபணு ஆய்வு வளர்ந்தபின் அவ்வொதுக்குக் குழுவே கலைந்தது. ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் ஆஸ்கோமைசீட்டுகளைச் சேர்ந்தன. 2011இல் மெல்போர்ன் மாநாடு இரட்டைப் பெயர் வழக்கையும் ஒழித்தது. நீரில் மடிந்த பூச்சிகள்மேல் வளரும் சாப்ரோலெக்னியா இன்று பூசண உலகுக்கே புறம்பானது. அதன் உறவினர் பழுப்புப் பாசிகளே.

களப்பணியாளருக்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டறிவன்று. வெட்டிய தென்னையின் அடிக்கட்டையில் விசிறிபோல் வளரும் கானோடெர்மாவைக் கேடற்ற சாறுண்ணி என்று விட்டுவிடலாகாது. பட்ட கட்டையில் உயிர்தரித்திருந்து, பக்கத்து மரத்தின் வேரைப் பற்றித் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குவது அதுவே. கட்டையை வேரோடு தோண்டி எரித்தல் வேண்டும்.

ஆய்வுக்கு மாதிரி அனுப்புவோர் அதனை நன்கு உலர்த்திக் காகித உறையில் இடுக. பிளாஸ்டிக் பையில் அது அழுகிவிடும். குடைக்காளானாயின், குடையை வெள்ளைத் தாளின்மேற் கவிழ்த்து ஓரிரவு மூடிவைத்தால் வித்துகளின் நிறம் படியும். அத்தாளையும் உடன் அனுப்புக. எம்மரத்தில், எப்பகுதியில் எடுத்தது, அப்போது மரம் உயிருடன் இருந்ததா என்பவற்றை உறையின்மேற் பென்சிலால் எழுதுக.