குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தால்: வீடு திரும்பும் குடும்பங்களுக்கு

வீட்டைத் திறந்து, சேற்றை வாரி வெளியே போட்டு, தாங்கியையும் நிரப்பிவிட்டீர்கள். ஆனால் குழாயைத் திறந்தால் நூல்போலத்தான் தண்ணீர் வருகிறது. அல்லது குசினியில் நன்றாக வருகிறது, குளியலறையில் வரவில்லை. குளிர்நீர் வருகிறது, சுடுநீர் வரவில்லை. டித்வா புயலுக்குப் பின், 2025 நவம்பர் இறுதியில் ஏற்பட்ட வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் கண்டி, கம்பளைப் பக்கங்களில் இடம்பெயர்ந்து, இப்போது வீடு திரும்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். இதில் பெரும்பாலானதை நீங்களே சரிசெய்யலாம். ஒரே ஒரு விடயத்தை மாத்திரம் தள்ளிப்போடக் கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மலைச்சரிவில் உள்ள வீட்டில் தண்ணீர் அமுக்கம் குறைந்தால், எங்கோ மண்ணுக்குள் குழாய் வெடித்து ஒழுகிக்கொண்டிருக்கலாம். நிமிடத்துக்கு 1 லீற்றர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 1,440 லீற்றர். மழையில் ஏற்கெனவே ஊறிப்போன மேட்டுக்குள் இவ்வளவு தண்ணீரும் இறங்கினால், மழை விட்ட பிறகும் அந்த மண் காயாது. வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டி எடுத்த மேடு உள்ளவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

ஒழுக்கைக் கண்டுபிடிப்பது சுலபம். நீர் வழங்கல் சபையின் இணைப்பு உள்ளவர்கள் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். தாங்கிக்குப் போகும் வால்வையும் மூடுங்கள். பிறகு நீர்மானியைப் பாருங்கள். அதன் சிறிய சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால் மானிக்கும் தாங்கிக்கும் இடையில் ஒழுக்கு இருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டால் அந்தப் பகுதி நல்லது. அடுத்ததாகத் தாங்கியில் இருந்து வரும் குழாய்களைப் பார்க்க வேண்டும். இரவில் தாங்கியின் நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, உள்ளே வரும் தண்ணீரையும் நிறுத்திவிட்டுப் படுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் வீட்டுப்பக்கக் குழாயில்தான் குறை. தோட்டத்து ஊற்றிலிருந்து குழாய் இழுத்திருப்பவர்களும், பீலித் தண்ணீரைத் தாங்கிக்குத் திருப்பியிருப்பவர்களும் குழாய் போகும் வழி முழுவதையும் பகலில் ஒரு தடவை நடந்து பாருங்கள். மற்ற இடம் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் மண் ஈரமாக இருந்தால் அங்கே தோண்டிப் பார்க்கலாம்.

நடக்கும்போது வேறு சிலவற்றையும் கவனியுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென இறுகிக்கொண்ட கதவு, புதிதாகக் கிளம்பிய கலங்கல் ஊற்று, வழக்கமாக ஓடும் ஊற்று சட்டென நின்றுபோவது ஆகியன குழாய் வேலைக்குரியவை அல்ல, மண்சரிவின் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளையும் வயோதிபர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டு அனுமதிக்கும் வரை அங்கே இரவு தங்க வேண்டாம்.

ஒழுக்கு இல்லை, ஆனாலும் தண்ணீர் மெலிந்து வருகிறது என்றால் இனி எங்கே குறை என்று பார்க்கலாம். ஒரே அளவான வாளியை ஒவ்வொரு குழாயின் கீழும் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் மட்டும் மெதுவாக நிரப்பினால் அதன் வாயில் உள்ள சல்லடையிலோ வாஷரிலோ சேறு அடைத்திருக்கும். கழற்றிக் கழுவினால் போதும். எல்லாக் குழாய்களும் ஒரே மாதிரி மெதுவென்றால் தாங்கியின் வெளிவாயில், கேட் வால்வு இரண்டையும் பாருங்கள். தாங்கியே நிரம்பவில்லை என்றால் மிதவை வால்வில் மண் சிக்கியிருக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் பலர் முதலில் பம்ப் வாங்கப் போகிறார்கள். நிவாரணப் பணத்தில் அப்படிச் செலவழிக்க வேண்டாம். அடைபட்ட குழாய்க்குப் பம்ப் போட்டால் பழைய மூட்டுகள்தான் கழன்றுவரும்.

ஒன்றை மறக்காதீர்கள். தண்ணீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் 1 பார் அமுக்கம் கிடைக்கும். கூரைக்கு மேல் இருக்கும் தாங்கி குளியலறை ஷவருக்கு 2 மீற்றர்தான் உயரம் என்றால் கிடைப்பது 0.2 பார். அது எப்போதும் மெதுவாகத்தான் வரும். புயலுக்கு முன்பும் அப்படித்தான் வந்திருக்கும். பக்கத்து வீட்டில் வேகமாக வருகிறதென்றால் அவர்கள் வீடு சரிவில் கீழே இருப்பதே காரணமாக இருக்கலாம்.

வீடு பூட்டிக் கிடந்து தாங்கி வற்றிப்போன இடங்களில் அடிக்கடி காண்பது காற்றடைப்பு. குழாய் காலியானபோது உள்ளே புகுந்த காற்று, சுவர் மேல் ஏறி இறங்கும் வளைவுகளில் தங்கிவிடுகிறது. மேலிருந்து வரும் சிறிய அமுக்கத்தால் அதைத் தள்ள முடிவதில்லை. லண்டனில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்து கிடந்தால், சிறு சாவியால் திருகிக் காற்றை வெளியே விடுவார்கள். அதே சங்கதிதான் இது.

முதலில் தாங்கியை நிரப்பி, வீட்டில் மிகத் தாழ்வான குழாயை மட்டும் முழுவதுமாகத் திறந்து விடுங்கள். இருமிக்கொண்டு, துப்பிக்கொண்டு வந்து பிறகு சீராகும். ஆகாவிட்டால், தாங்கிக்குப் போகாமல் நேரடியாகச் சபை இணைப்பில் உள்ள குழாயிலிருந்து சுத்தமான ரப்பர் குழாய் ஒன்றை, தண்ணீர் வராத குழாயின் வாயில் இறுக்கிக் கட்டுங்கள். நேரடிக் குழாயில் தெளிந்த தண்ணீர் வந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சூரிய வெந்நீர்த் தாங்கி இருந்தால் அதற்குப் போகும், அதிலிருந்து வரும் வால்வுகளை மூடிக்கொள்ளுங்கள். அது இந்த அமுக்கத்தைத் தாங்கும்படி செய்ததல்ல. இரண்டு குழாய்களையும் திறந்தால் தண்ணீர் பின்னோக்கிப் போய்க் காற்றைத் தாங்கிக்குள் தள்ளும். ஒருவர் மேலே நின்று குமிழி நிற்கும் வரை பார்க்கட்டும். நின்றதும் குழாய்களை மூடி, கட்டியதை உடனே கழற்றிவிடுங்கள். கட்டியபடி விட்டால், சபையின் தண்ணீர் நிற்கும் நேரத்தில் உங்கள் தாங்கித் தண்ணீர் ஊர்க் குழாய்க்குள் போகும். இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், தாங்கியின் வெளிவாயிலை ஒட்டி, தாங்கியை விட உயரமாக ஒரு சிறு காற்றுக்குழாய் பொருத்தும்படி பைப் வேலை தெரிந்த பாஸிடம் சொல்லுங்கள்.

சுடுநீர் பற்றிக் கொஞ்சம். கண்ணாடிக் குழல் கொண்ட சூரிய வெந்நீர்த் தாங்கி வற்றியிருந்தால் வெயிலில் நிரப்பாதீர்கள். சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கும். விடியற்காலையில் நிரப்புங்கள். மின்சார கீசரைப் போடுமுன் அதன் சுடுநீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வெள்ளம் தொட்ட கீசரையும் பம்பையும் மின்வேலை செய்பவர் பார்க்காமல் இயக்கவே வேண்டாம். தண்ணீரைத் தொடும்போது கை சுர்ரென்றால் உடனே குழாயை விட்டு விலகி, ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள்.

அமுக்கம் சரியானாலும் தண்ணீரை உடனே குடிக்காதீர்கள். அமுக்கம் இல்லாதபோது, வெடித்த குழாய் வெளியே உள்ள சேற்றையும் மலசலகூடக் கழிவையும் உள்ளே உறிஞ்சியிருக்கும். 1,000 லீற்றர் தாங்கியைத் தேய்த்துக் கழுவி நிரப்பிய பின், 33 வீதக் குளோரின் உள்ள வெளிற்றும் தூள் சுமார் 150 கிராமை ஒரு வாளி நீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும் வரை திறந்து மூடி, 24 மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் அதைக் குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ கூடாது. பிறகு முழுவதையும் வெளியேற்றி, மணம் போகும்வரை அலசுங்கள். அந்தத் தண்ணீரை ஓடையிலோ வீட்டுக்குப் பின்மேட்டிலோ விடாதீர்கள். அலசிய பின்னும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர் நல்லது என்று சொல்லும் வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மானிக்கு முன்னால், வீதிப்பக்கம் ஒழுகினால் அது சபையின் வேலை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இலக்கம் 1939. பட்டியலில் உள்ள உங்கள் கணக்கிலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பட்டியல் வெள்ளத்தில் போயிருந்தால் மானியில் பொறித்துள்ள இலக்கத்தைக் குறித்துச் சொல்லலாம்.